நகல் எப்போது நகலாகிறது? பிஎச்பி அணிகளும் & குறியும்

கேள்வி, 4 பிப்ரவரி 2024

பிஎச்பி நிரலாக்க மொழியில், பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட ஓர் அணியை (array) பல செயற்கூறுகளுக்கு (function) மாற்றி மாற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு முறையும் முழு அணியும் நகலெடுக்கப்படும் என்பதால், எல்லாச் செயற்கூறுகளின் அளபுருக்களிலும் (parameter), நகலெடுக்காமல் மூலத்தோடே பிணைக்கும் ரெஃபரன்ஸ் (reference) குறியான & போட்டுவிட்டேன்; உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ஃபோர்ஈச் (foreach) லூப்களிலும் போட்டுவிட்டேன். வேகம் கூடியதாகத் தெரியவில்லை. அதற்கு மாறாக, அறிக்கையின் கடைசிப் பதிவு காணாமல் போய், அதற்கு முந்தைய பதிவு இரண்டு முறை வருகிறது. பிஎச்பி 8.3இல் அணிகளே பழுதாக இருக்கின்றனவா?

4 பிப்ரவரி, இரவு

பழுது மொழியில் இல்லை; & என்ற குறியை நீங்கள் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. கேள்விக்குள் இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. கடைசிப் பதிவை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அது எளியது.

அணியில் 10, 20, 30 என்று மூன்று உறுப்புகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். முதல் லூப்பை $வ என்ற மாறியை வைத்து &உடன் ஓட்டுகிறீர்கள். லூப் முடிந்த பிறகும் $வ மறைவதில்லை, பிஎச்பியில் லூப்புக்கெனத் தனி எல்லை (scope) கிடையாது. ஆகவே $வ இப்போதும் அணியின் மூன்றாம் அறையோடு பிணைந்தே நிற்கிறது. சில வரிகள் தள்ளி, அதே $வ என்ற பெயரில், இம்முறை & இல்லாமல், இன்னொரு லூப் ஓட்டுகிறீர்கள். அந்த லூப் தன் முதல் சுற்றில் 10 என்ற மதிப்பை $வவில் வைக்கிறது. $வ என்பது மூன்றாம் அறை என்பதால் அணி 10, 20, 10 ஆகிறது. இரண்டாம் சுற்றில் 20ஐ வைக்கிறது. அணி 10, 20, 20 ஆகிறது. மூன்றாம் சுற்றில் மூன்றாம் அறையைப் படித்து அதிலேயே எழுதுகிறது. அங்கே இருப்பது ஏற்கெனவே 20தான். முப்பது எங்கே போயிற்று என்று தேடுவதில் பயனில்லை.

முதல் லூப்புக்கு அடுத்த வரியில் $வவை அன்செட் (unset, மாறியை நீக்கும் கட்டளை) செய்துவிடுங்கள். இன்னும் நல்லது, அந்த & தேவைதானா என்று யோசிப்பது.

5 பிப்ரவரி, காலை

நேற்று 'எளியது' என்று எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. இதே பிழையோடு நான் மூன்று வாரம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இரவில் தானாக ஓடி, பெயர் வரிசையில் கையிருப்புப் பட்டியல் தயாரிக்கும் நிரல் அது. கடைசி வரியில் வரும் பொருள் அரிதாகவே விற்கக்கூடியது. அதனால் அது தவறாக அச்சாவதை எவரும் கவனிக்கவில்லை. கவனித்த நாளில் நான் தரவுத்தளத்தைச் சந்தேகித்தேன், பிறகு வினவலைச் சந்தேகித்தேன், பிறகு அச்சிடும் பகுதியைச் சந்தேகித்தேன். சோதனைக்காக அச்சிடும் லூப்பில் மாறியின் பெயரை மாற்றியதும் பிழை மறைந்துவிட்டது. பெயரை மாற்றினால் மறையும் பிழை என்றால் அது எல்லை தொடர்பானது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. 'சரியாகிவிட்டது' என்று குறித்துவைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காரணம் விளங்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

5 பிப்ரவரி, மாலை

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன்: 'அனுப்பும் ஒவ்வொரு முறையும் முழு அணியும் நகலெடுக்கப்படும்' என்ற நம்பிக்கை. இது தவறு, இன்று மட்டுமல்ல, பிஎச்பி 4 வெளிவந்த 2000ஆம் ஆண்டிலேயே தவறு.

கீழே உள்ள வரிகளில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறேன். பிஎச்பி மாறிப் பெயர்களில் 128 முதல் 255 வரையிலான பைட்டுகளை ஏற்பதால் இவை அப்படியே ஓடும்.

$அ = [1, 2, 3];
$ஆ = $அ;
$ஆ[0] = 100;

இரண்டாம் வரியில் எதுவும் நகலெடுக்கப்படவில்லை. நினைவகத்தில் ஒரே ஓர் அணிதான் இருக்கிறது. அதை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்கிறது, அவ்வளவுதான். மூன்றாம் வரியில் $ஆவில் எழுத முற்படும்போது, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருப்பதைக் கண்டு, எழுதுவதற்கு முந்தைய கணத்தில் நகல் எடுக்கப்படுகிறது. 100 என்பது அந்த நகலில் போய் உட்காருகிறது. $அ தொடப்படாமல் இருக்கிறது. செயற்கூறுக்கு அனுப்புவதும் இதே கதைதான்: அணியைப் படிக்க மட்டும் செய்யும் செயற்கூறுக்குப் பத்து லட்சம் உறுப்புகளை அனுப்பினாலும் பத்து உறுப்புகளை அனுப்பினாலும் ஆகும் செலவு ஒன்றே.

அணிக்குள் அணி இருந்தால் நகலெடுப்பு இன்னும் சிக்கனமானது. ஆயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணையின் நகலில் ஒரு வரிசையின் ஒரு கட்டத்தை மாற்றினால், வெளி அணியும் அந்த ஒரு வரிசையும் மட்டுமே பிரிகின்றன. மற்ற 999 வரிசைகளும் இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவாகவே இருந்துவிடுகின்றன.

ஆகவே நீங்கள் போட்ட &களில் பெரும்பாலானவை, நடக்காத ஒரு செலவைத் தடுப்பதற்காகப் போடப்பட்டவை.

6 பிப்ரவரி

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த வரையில் இதற்கு வேர் ஆப்ஜெக்ட்டுகளில் (object, தரவையும் அதற்கான செயற்கூறுகளையும் சேர்த்துக் கட்டியது) இருக்கிறது. பிஎச்பி 4இல் ஆப்ஜெக்ட்டை இன்னொரு மாறியில் வைத்தால் அணியைப் போலவே நகலாகிவிடும்; ஒரே ஆப்ஜெக்ட்டை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள & போட்டே ஆக வேண்டும். அதனால் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போதுகூட = குறியை ஒட்டி & போடும் பழக்கம் வளர்ந்தது. 2004இல் வந்த பிஎச்பி 5, மாறிகளில் ஆப்ஜெக்ட்டுக்குப் பதிலாக அதன் கைப்பிடியை (அதைச் சுட்டும் அடையாளத்தை) மட்டும் வைக்கத் தொடங்கியதும் அந்தத் தேவை ஒழிந்தது. 5.3 பதிப்பு அந்த எழுத்துமுறையைக் கைவிடச் சொன்னது. 2015இல் வந்த பிஎச்பி 7இல் அது இலக்கணப் பிழையே ஆகிவிட்டது. தேவை போன பிறகும் விரல்கள் மறக்கவில்லை, அணிகளின் மேலும் அந்தக் குறியைத் தூவிக்கொண்டே இருந்தன.

பிஎச்பி 5 காலத்தில் அந்தத் தூவல் வெறும் வீண்வேலையாக மட்டும் இருக்கவில்லை. அது நேரடியான கேடு. அப்போது 'இது ரெஃபரன்ஸ்' என்ற கொடி மதிப்பின் மீதே ஒட்டப்பட்டிருந்தது. கொடி ஒட்டிய அணியை, & கேட்காத சாதாரணச் செயற்கூறுக்கு அனுப்பினால், இரண்டையும் கலக்க வழியில்லாமல் பிஎச்பி அந்த இடத்திலேயே முழு நகல் எடுத்தது. பத்தாயிரம் உறுப்புகள் கொண்ட அணியை &உடன் வாங்கும் ஒரு செயற்கூறை எழுதி, உள்ளே லூப்பின் நிபந்தனையில் ஒவ்வொரு சுற்றிலும் கவுண்ட் செயற்கூறை அழைத்திருந்தேன். உறுப்புகளை எண்ணிச் சொல்வதற்காக ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் உறுப்புகள் நகலாயின; பத்தாயிரம் சுற்றுகளில் பத்துக் கோடி. வேகத்துக்காகப் போட்ட குறியை எடுத்ததும் நிரல் வேகமாயிற்று.

பிஎச்பி 7 அந்தக் கொடியை மதிப்பிலிருந்து பிரித்து, ரெஃபரன்ஸைத் தனியொரு பெட்டியாக்கியது. பெட்டிக்கு உள்ளே இருக்கும் அணியைச் சாதாரணச் செயற்கூறு பெறும்போது இப்போது நகல் எடுக்கப்படுவதில்லை. கேடு போயிற்று, ஆனால் பயன் வந்துவிடவில்லை.

6 பிப்ரவரி, சற்றுப் பிறகு

கேள்வி கேட்டவர் மடக்குகிறார்: 'பிஎச்பி 7 முதல், & இல்லாத ஃபோர்ஈச் அணியின் நகல் மீதுதான் ஓடுகிறது என்று படித்தேன். அப்படியானால் உங்கள் 10, 20, 30 கதையில் இரண்டாம் லூப்பின் மூன்றாம் சுற்று, லூப் தொடங்கியபோது இருந்த 30ஐ அல்லவா படித்திருக்க வேண்டும்?'

நல்ல மடக்கு. விடையைச் சரியாக எழுத எனக்கு ஒரு நாள் வேண்டும்.

8 பிப்ரவரி

ஒரு நாள் இரண்டு நாளாகிவிட்டது.

அணியை வரிசையாக அமைந்த அறைகளாக நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஓர் அறைக்குள் மதிப்பே இருக்கும். அந்த அறைக்கு ஒரு ரெஃபரன்ஸ் எடுத்த கணத்தில், அறைக்குள் இருந்த மதிப்பு வெளியே ஒரு பெட்டிக்குள் போய்விடுகிறது; அறைக்குள் இருப்பது அந்தப் பெட்டியின் சாவிதான். ரெஃபரன்ஸ் எடுத்த மாறியின் கையிலும் அதே பெட்டியின் இன்னொரு சாவி. இதில் 'மூலம்' எது, 'ரெஃபரன்ஸ்' எது என்ற ஏற்றத்தாழ்வு கிடையாது. இரண்டும் சமமான சாவிகள். & என்பது இடப்பக்க மாறிக்கு மட்டும் ஏதோ செய்கிறது, வலப்பக்கத்தில் இருக்கும் அணி அப்படியே இருக்கிறது என்றுதான் நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அணியின் உள்ளமைப்பையே அது மாற்றுகிறது.

இனி நகலுக்கு வாருங்கள். அணி நகலாகும்போது அறைகளில் இருப்பவை நகலாகின்றன. மதிப்பு இருந்தால் மதிப்பு நகலாகும். சாவி இருந்தால் சாவி நகலாகும். பெட்டி நகலாவதில்லை.

$அ = [1, 2, 3];
$ர = &$அ[1];
$ஆ = $அ;
$ஆ[1] = 99;

இப்போது $அ[1] என்னவென்று பாருங்கள்: 99. ரெஃபரன்ஸ் எதுவுமில்லாமல், & குறியே இல்லாத மூன்றாம் வரியில் எடுத்த நகல் மூலத்தை மாற்றிவிட்டது. 0ஆம் அறையிலும் 2ஆம் அறையிலும் (சுட்டெண் 0இல் தொடங்குகிறது) எழுதினால் மூலம் மாறாது. அதாவது ஒரே அணியில் சில அறைகள் உண்மையாகவே நகலாகியிருக்கும், சில அறைகள் பொதுவாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாது.

மடக்குக்கு விடை இதுதான். இரண்டாம் லூப் ஓடிய 'நகலின்' மூன்றாம் அறையில் 30 இருக்கவில்லை, சாவி இருந்தது. சாவி மாறவில்லை, பெட்டிக்குள் இருந்தது மாறிற்று. லூப் தன் வாக்கைக் காப்பாற்றிக்கொண்டேதான் உங்கள் பதிவைத் தின்றது.

$ரவை அன்செட் செய்துவிட்டால், பெட்டிக்கு ஒரே ஒரு சாவிதான் மிஞ்சும். அடுத்து நகல் எடுக்கும்போது பிஎச்பி அதைக் கண்டுகொண்டு, சாவிக்குப் பதிலாக மதிப்பையே நகலில் வைக்கும். ஆகவே அன்செட் செய்தால் எல்லாம் தீர்ந்தது.

9 பிப்ரவரி

மேலே உள்ள கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். எல்லாம் தீர்வதில்லை, எப்போது அன்செட் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த 'எப்போது' என்பது நீங்கள் நினைக்கும் இடத்திலும் இல்லை.

மேலே உள்ள நான்கு வரிகளில், மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் இடையே $ரவை அன்செட் செய்யுங்கள். $ஆ = $அ என்று எழுதிய பிறகு, அதாவது நகல் எடுத்தாகிவிட்டது என்று நாம் நம்பும் இடத்துக்குப் பிறகு. 8ஆம் தேதிக் குறிப்பை மேலோட்டமாகப் படித்தவர், சாவி ஏற்கெனவே நகலில் ஏறிவிட்டது, $அ[1] 99 ஆகும் என்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஓட்டிப் பார்த்தால் $அ[1] இரண்டாகவே இருக்கிறது! காரணம், 5ஆம் தேதி நானே எழுதியது: மூன்றாம் வரியில் நகல் எடுக்கப்படவே இல்லை. நகல் நான்காம் வரியில்தான் எடுக்கப்படுகிறது. அதற்குள் $ர போய்விட்டது, பெட்டிக்கு ஒரே சாவி, ஆகவே மதிப்பே நகலாயிற்று.

இப்போது அன்செட்டுக்கு முன்னால் ஒரு வரியைச் சேருங்கள்:

$ஆ[0] = 5;

1ஆம் அறைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் எழுதியதால் நகல் அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது, $ர உயிரோடிருக்கும்போது. சாவி நகலில் ஏறிவிட்டது. அதன்பின் $ரவை அன்செட் செய்தாலும் $அ, $ஆ இரண்டின் 1ஆம் அறைகளும் ஒரே பெட்டியின் இரண்டு சாவிகளாக நிலைத்துவிடுகின்றன. $ஆ[1] = 99 என்றதும் $அ[1] 99 ஆகிறது. இனி எந்த மாறியை அன்செட் செய்து இதைப் பிரிப்பீர்கள்? பிணைத்துவைத்த மாறியே இப்போது இல்லை.

எழுதும்போதுதான் நகல் என்பது உள்விவகாரம், நிரலாளருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று எங்கும் சொல்வார்கள். ரெஃபரன்ஸ் இல்லாத அணிகளுக்கு அது முழு உண்மை. அணிக்குள் ஒரே ஒரு ரெஃபரன்ஸ் நுழைந்துவிட்டால், நகல் எடுக்கப்பட்ட கணம் எது என்பது வெளியே தெரியும் நடத்தையாகிவிடுகிறது. அணிகளுக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ்கள் ஆபத்தானவை என்று பிஎச்பி கையேடு எச்சரிப்பதை மிகைப்பட்ட கவலை என்று எண்ணியிருந்தேன். இப்போது அதுவும் சற்று மென்மையாகவே சொல்லப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது.

9 பிப்ரவரி, இரவு

'இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு யார் நிரல் எழுதுவது?' என்று ஒருவர். யாரும் வேண்டாம். நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாதபடி எழுதுவதற்காகத்தான் ஒருமுறை தெரிந்துகொள்வது.

11 பிப்ரவரி

'ஆக, &க்குப் பயனே இல்லை என்கிறீர்கள்' என்று இன்னொருவர். 5ஆம் தேதி நான் எழுதிய தொனி அப்படித்தான் இருக்கிறது, திருத்துகிறேன்.

செயற்கூறு அணியைப் படிக்க மட்டும் செய்தால் & வீண். ஆனால் அணியை மாற்றித் திருப்பித் தரும் செயற்கூறுக்குக் கணக்கு வேறு. அழைத்தவரின் மாறியும் செயற்கூறின் அளபுருவும் ஒரே அணியை வைத்திருக்கும்போது எண்ணிக்கை இரண்டு. உள்ளே முதல்முறை எழுதும் கணத்தில் முழு நகல் எடுக்கப்பட்டே தீரும். திருப்பித் தந்ததைப் பழைய மாறியிலேயே வைத்துக்கொண்டாலும், இடையில் இரண்டு அணிகள் இருந்திருக்கும். அங்கே & அந்த ஒரு நகலைத் தவிர்க்கிறது. இன்னொரு செயற்கூறு புதிதாக உருவாக்கித் தந்த அணியை எந்த மாறியிலும் வைக்காமல் நேரே அனுப்பினால், எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதால், & இல்லாமலும் நகல் எடுக்கப்படாது.

மொழியுடன் வரும் வரிசைப்படுத்தும் செயற்கூறுகள் &உடன் அணியை வாங்குவது இதற்காகவே. அதற்கு ஒரு விலையும் உண்டு: அழைக்கும் இடத்தில் அந்த & கண்ணில் படாது. பழைய பதிப்புகளில் அழைப்பவரும் & போட முடிந்தது; 2012இல் வந்த 5.4 அதை அடியோடு நீக்கியது. நீக்கியது சரியே, ஏனெனில் வாங்குபவர் கேட்காத ரெஃபரன்ஸை அழைப்பவர் திணிப்பது முறையல்ல. ஆனாலும் ஒரு வரியைப் பார்த்து 'இது என் அணியை மாற்றுமா, மாற்றாதா' என்று சொல்ல இன்றும் வழியில்லை. நான் முதன்முதலில் வரிசைப்படுத்தும் சார்ட் (sort) செயற்கூறைப் பயன்படுத்தியபோது, அது திருப்பித் தந்ததை அதே மாறியில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அணி இருந்த இடத்தில் ட்ரூ (true, 'உண்மை' என்ற மதிப்பு) இருந்தது. வரிசைப்படுத்தியது உண்மைதான், பொய் சொல்லவில்லை, பட்டியலைத்தான் காணோம்.

12 பிப்ரவரி

கேள்வியில் பத்து லட்சம் என்று எண் இருப்பதால், நினைவகக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 64 பிட் இயந்திரம், 8.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, 0 முதல் தொடர்ச்சியான சுட்டெண்கள், உறுப்புகள் எல்லாம் முழு எண்கள் என்று கொள்கிறேன்.

ஓர் அறைக்கு 16 பைட். அறைகளின் எண்ணிக்கை இரண்டின் அடுக்காக உயர்த்தப்படுவதால் பத்து லட்சத்துக்கு 10,48,576 அறைகள் ஒதுக்கப்படும். ஆக 16 எம்பி. 8.1 வரை ஓர் அறைக்கு 32 பைட் என்பதால் இதுவே 32 எம்பியாக இருந்தது.

ஒவ்வோர் உறுப்பையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்று வையுங்கள். முதல் வழி: & இல்லாமல், சுட்டெண்ணையும் எடுத்துக்கொண்டு லூப் ஓட்டி, $அ[$எ] என்று எழுதுவது. லூப் பழைய அணியைப் பிடித்துக்கொண்டிருப்பதால் முதல்முறை எழுதும்போது முழு நகல் எடுக்கப்படும். அதன்பின் $அவுக்குத் தனி அணி இருப்பதால் அடுத்தடுத்து எழுதும்போது நகல் இல்லை. லூப் ஓடும்வரை 32 எம்பி, முடிந்ததும் மீண்டும் 16.

இரண்டாம் வழி: &உடன் லூப். அணி நகலாவதில்லை, அது உண்மை. ஆனால் லூப் தொட்ட ஒவ்வோர் அறையின் மதிப்பும் பெட்டிக்குள் போய்விடுகிறது. ஒரு பெட்டி 32 பைட். பத்து லட்சம் பெட்டிகள் 3.2 கோடி பைட். $வ அடுத்த அறைக்கு நகர்ந்ததும் முந்தைய பெட்டிக்கு ஒரே சாவிதான் மிஞ்சுகிறது என்றாலும், பெட்டியைப் பிரித்து மதிப்பைத் திரும்ப அறைக்குள் வைக்க யாரும் வருவதில்லை. லூப் முடிந்த பிறகும், $வவை ஒழுங்காக அன்செட் செய்த பிறகும், அணி 16 எம்பிக்குப் பதிலாக ஏறத்தாழ 47 எம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நினைவகத்தை மிச்சப்படுத்தப் போட்ட குறி, நகல் எடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம் தின்கிறது. அதுவும் தற்காலிகமாக அல்ல. நினைவக வரம்பு இயல்பாக 128 எம்பி என்பதை நினைத்தால் இது சிறிய தொகை அல்ல.

இந்தக் கணக்கு முழு எண்களுக்கு. ஒவ்வோர் உறுப்பும் பெரிய துணை அணியாக இருந்தால், 32 பைட் பெட்டி ஒரு பொருட்டல்ல, & லூப் நியாயமாகவும் இருக்கலாம்.

14 பிப்ரவரி

பைத்தானில் எழுதுபவர் ஒருவர், 'எங்களிடம் இந்தக் குழப்பம் இல்லை' என்கிறார். வேறு குழப்பம் இருக்கிறது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் பட்டியலை இன்னொரு மாறியில் வைத்தால் நகல் எடுக்கப்படுவதே இல்லை, எழுதும்போதும் இல்லை. இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலைக் காட்டும். நகல் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், வழக்கமான முறையில் வாங்கினால் மேல் அடுக்கு மட்டுமே நகலாகும். மூன்று பூச்சியங்கள் கொண்ட பட்டியலை ஒரு பட்டியலுக்குள் வைத்து மூன்றால் பெருக்கி, 3க்கு 3 அட்டவணை செய்துவிட்டதாக மகிழும் எவரும், ஒரு கட்டத்தில் எழுதிய எண் மூன்று வரிசைகளிலும் தோன்றுவதைப் பார்த்திருப்பார். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் அணியை ஃபில் மூலம் வெற்று அணியால் நிரப்பினாலும் இதே கதிதான். பிஎச்பியில் இது நடக்காது.

இருந்தாலும் அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அங்கே விதி ஒன்றே ஒன்று. பட்டியலின் எல்லா அறைகளும் ஒரே விதமாக நடந்துகொள்ளும். பிஎச்பியின் விதி அதைவிட நல்லது, ஆனால் உள்ளே ஒரு சாவி நுழையும்வரைதான் நல்லது.

நேர்மையாக ஒப்பிட வேண்டியது பெர்ல் (Perl) மொழியுடன்தான். அங்கும் அணியை இன்னொரு அணியில் வைத்தால் நகலாகும். ஃபோர்ஈச் மாறி, & போன்ற எதையும் கேட்காமலே உறுப்பின் மறுபெயராக நின்று மூலத்தை மாற்றும். ஆனால் அந்த மாறி லூப்புக்கு மட்டுமே உரியது. லூப் முடிந்ததும் பிணைப்பு அறுந்து, மாறி பழைய மதிப்புக்குத் திரும்பிவிடும். கேள்வி கேட்டவரின் கடைசிப் பதிவு பெர்லில் பிழைத்திருக்கும். பிஎச்பியில் பிணைப்பைக் கொண்டுவந்தார்கள், அதன் எல்லையைக் கொண்டுவரவில்லை.

15 பிப்ரவரி

ஆப்ஜெக்ட்டுகள் அடங்கிய அணியைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். இதில் & எதுவும் வேண்டாம்; அறைகளில் இருப்பவை கைப்பிடிகள் என்பதால் நகலெடுத்த அணியிலும் அதே ஆப்ஜெக்ட்டுகள்தான் இருக்கும். டேட்டைம் ஆப்ஜெக்ட்டுகள் நிறைந்த ஓர் அணியை நகலெடுத்து, நகலில் உள்ள தேதிகளை ஒரு மாதம் தள்ளிவைத்து, 'பழைய தேதி, புதிய தேதி' என்று இரண்டு நெடுவரிசைகளில் அச்சிட்டேன். இரண்டு நெடுவரிசைகளும் ஒன்றாகவே இருந்தன. 2013இல் 5.5உடன் வந்த டேட்டைம்இம்யூட்டபிள், மாற்றும் ஒவ்வொரு முறையும் புதிய ஆப்ஜெக்ட்டைத் தருவதால் இந்தத் தொல்லை இல்லை. மாறாக, அது திருப்பித் தருவதை வாங்கிக்கொள்ள மறந்தால் எதுவுமே மாறாது.

இது 8ஆம் தேதி சொன்ன பெட்டிச் சிக்கல் அல்ல என்பதைக் கவனியுங்கள். இங்கே $ஆ[0] என்ற அறையில் வேறொரு ஆப்ஜெக்ட்டை வைத்தால் $அ[0] மாறாது. கைப்பிடி நகலானது, பெட்டிச் சாவி அல்ல. இரண்டையும் 'ரெஃபரன்ஸ்' என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பாதி விவாதங்கள் முடிவதில்லை.

18 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். எல்லா &களையும் எடுத்துவிட்டதாகவும், ஒன்றைத் தவிர எதையும் திரும்ப வைக்கத் தேவைப்படவில்லை என்றும், அறிக்கையில் இப்போது கடைசிப் பதிவு சரியாக வருகிறது என்றும், ஆனால் நடுவில் 412ஆம் பதிவு மட்டும் வேறோர் அணியில் எழுதும்போது மாறுகிறது என்றும் சொல்கிறார்.

மாறியின் உள்ளடக்கத்தை வகையோடு அச்சிடும் வர்_டம்ப் (var_dump) போட்டுப் பாருங்கள். ஓர் அறையில் உள்ள பெட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் இருந்தால், அந்த உறுப்பின் வகைக்கு முன்னால் & என்று அச்சாகும். பத்து லட்சம் வரிகளையும் படிக்க வேண்டாம், 412ஐ மட்டும் பாருங்கள்; ஆனால் $அ[412] என்று தனியே கொடுக்காதீர்கள், அளபுருவாகப் போகும்போதே பெட்டி கழன்றுவிடும், & தெரியாது. அந்தப் பகுதியை அணியாகவே வெட்டிக் கொடுங்கள்.

18 பிப்ரவரி, மாலை

& தெரிந்ததாம். 7.3 முதல் வந்த வசதியைப் பயன்படுத்தி, அணியைப் பிரித்து மாறிகளில் வைக்கும் இடத்தில், சதுர அடைப்புக்குள் ஒரு & இருந்திருக்கிறது. தேடும்போது ஃபோர்ஈச் வரிகளையும் செயற்கூறுத் தலைப்புகளையும் மட்டும் பார்த்ததால் தப்பிவிட்டது. யார் எழுதியது என்று நிரல் மாற்றங்களின் பதிவேட்டைப் பார்த்தாராம். அவரேதான், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 'வேகத்துக்காக' என்ற குறிப்போடு.